சூடு தெரியாத காலுக்குப் பூட்ஸ்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, என் தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேருக்கும் சோறு போட்டது தார் ரோடு. ஆரணியைச் சுற்றி பஸ் போகிற ரோடுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டிருக்கிறது, கால் பட்டிருக்கிறது. பட்டு நெய்கிற ஊரில் பிறந்து, தறியைத் தொடாமலே கிழவியானவள் என்று என் சம்பந்தி கேலி செய்வாள். தொடவில்லைதான். அவள் நெய்த புடவை கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என் ரோட்டின் மேல்தான் என்று நான் பதில் சொல்வேன்.

போன வாரம் சுமதி போன் செய்தாள். என்னிடம் சித்தாளாகச் சேர்ந்த பெண், இப்போது அவளே மேஸ்திரி. இந்தக் காலத்தில் தார்க் கலவையை மெஷினே பரப்பிவிடுகிறது. ஆனாலும் ஓரம், வளைவு, பாலத்து முனை, பள்ளம் அடைக்கிறது எல்லாம் இன்னும் கை வேலைதான். சூட்டில் நிற்கிற காலும் இன்னும் மனுஷக் கால்தான். ஆட்களுக்குப் பூட்ஸ் வாங்க வேண்டுமாம். போனில் ஏழெட்டுப் படம் அனுப்பியிருந்தாள். "அக்கா, இதுல எது உழைக்கும், பார்த்துச் சொல்லுங்க" என்றாள். எல்லாப் படத்திலும் பூட்ஸ் பளபளவென்று இருந்தது. படத்தைப் பார்த்து மாப்பிள்ளையை முடிவு செய்தாலும் செய்யலாம், பூட்ஸை முடிவு செய்ய முடியாது என்றேன். சிரித்துவிட்டு, அப்படியென்றால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள் என்றாள். அது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

கல்யாணம் முடிந்த கையோடு நான் தார் வேலைக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் அப்போதே அந்த கேங்கில் ரேக்கு பிடிக்கிறவர். ரேக்கு என்றால் நீளக் கழியில் இரும்புப் பல் வைத்தது. கொட்டுகிற சூட்டுக் கலவையை அதை வைத்துத்தான் இழுத்துச் சமமாக்குவார்கள். நான் முதலில் ரோடு பெருக்கினேன், பிறகு ஜல்லி சுமந்தேன், பிறகு கலவையை இரும்புச் சட்டியில் தலைமேல் தூக்கினேன். காலில் நனைத்த சாக்குத் துண்டு, அதன்மேல் கயிறு. பெண்களுக்கு அதுதான் பூட்ஸ். சாக்கு காய்ந்தால் கால் சொல்லும், ஓடிப்போய் நனைத்துக்கொள்வோம். சில வருஷம் அப்படியே ஓடியது. ஏழுமலை மேஸ்திரி எங்கள் கேங்குக்கு வந்த பிறகுதான் நான் வேலை கற்றேன் என்று சொல்ல வேண்டும்.

ஒல்லியான மனிதர். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ரோலர் ஓடுகிற இரைச்சலிலும் அதே குரல்தான். அவர் வாயைத் திறந்தால் டிரைவர் ரோலரை நிறுத்திவிடுவான். காலையில் வந்ததும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். நாங்கள் வரிசையாக நிற்போம். ஒவ்வொருவர் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் மாதிரி காலைத் தூக்கிப் பிடிப்பார். கட்டை விரலை அடித்தையல் ஓடுகிற வழியே சுற்றிலும் ஓட்டுவார். விரல் எங்கேயும் நிற்காமல் சுற்றி வந்தால் காலைக் கீழே விடுவார். எங்கேயாவது நின்றால், இன்றைக்கு நீ ஓரத்தில் இரு என்பார். திட்டு கிடையாது. அந்த ஆள் அன்று முழுக்கக் கலவைப் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

மேஸ்திரியாக இருந்துகொண்டு நம் காலடியில் குந்துகிறாரே என்று முதல் நாள் எனக்குக் கூச்சமாகிவிட்டது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"காலைக் குடும்மா. வெக்கத்த அப்புறம் பட்டுக்கலாம்" என்றார்.

சாக்கைத் தொட்டுப் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் பெண்கள் எல்லோரையும் ஆரணி பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனார், பூட்ஸ் தைக்க.

ஆண்களுக்குக் கான்ட்ராக்டர் ரப்பர் பூட்ஸ் கொடுப்பார். மழைச் சேற்றுக்கு அது ராஜா. கலவையில் வைத்தால் அடிப்பக்கம் இளகி, பழகாத தோசைக்கல்லில் மாவு பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒட்டுப்போட்ட கம்பெனி ஷூ இன்னும் மோசம். பசை சூட்டில் விட்டுப்போய், ஆள் முன்னால் போவான், அடி பின்னால் கிடக்கும். அதனால் மேஸ்திரி தன் ஆட்களுக்குக் கையால் தைத்த தோல் பூட்ஸ் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கான்ட்ராக்டரிடம் அதே மெல்லிய குரலில் தினமும் கேட்டு, கடைசியில் வாங்கியும்விட்டார்.

தைத்தவர் காதர் பாய். பஜாரில் ஒரு சந்து முனையில் கடை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தன்னுடைய பூட்ஸ் போட்டவன் செத்தாலும் பூட்ஸ் சாகாது என்று எல்லோரிடமும் சொல்வார்.

சாயங்காலம் போனோம். அதுவே மேஸ்திரியின் முதல் சட்டம். நாளெல்லாம் நின்ற கால் சாயங்காலம் வீங்கியிருக்கும். காலையில் அளவெடுத்த பூட்ஸ் மத்தியானம் கடிக்கும். காலில் என்ன துணி சுற்றுவோமோ அதே துணியோடுதான் அளவு கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

பாய் இரண்டு தோலை எடுத்து விரித்தார். ஒன்று மரப்பட்டை போட்டுப் பதனிட்டது. மஞ்சள் கலந்த பழுப்பு, நல்ல வாசனை, கைக்குக் கெட்டியாக இருந்தது. இன்னொன்று குரோம் மருந்தில் பதனிட்டது. வெட்டின ஓரத்தில் சாம்பல் நீலம் தெரிந்தது, தொட்டால் தொளதொளவென்று இருந்தது. பெண்கள் எல்லோரும் கெட்டித் தோலைத்தான் காட்டினோம். மேஸ்திரி இரண்டிலும் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போனார். அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் இரண்டையும் போட்டார்.

டீக்கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "மேஸ்திரி, இது டீக்கடையா, இல்ல சூப்புக் கடையா?"

அதற்குள் நாங்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கெட்டியாக இருந்த அந்தப் பட்டைத் தோல் எங்கள் கண் எதிரிலேயே அசைந்தது. உயிருள்ள அட்டை மாதிரி முனையைத் தூக்கிச் சுருண்டு, குறுகி, பாதியாகிவிட்டது. நீல ஓரத் தோல் போட்டது போட்டபடி மிதந்தது. செத்த மாட்டின் தோல் சூடு பட்டதும் திரும்ப உயிர் வந்து சுருங்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

"உள்ள காலு இருக்கும்போது இப்பிடிச் சுருண்டா இன்னா ஆவும், நீங்களே யோசிச்சிக்கோங்க" என்றார் மேஸ்திரி.

காட்டு வேலைக்கும் கழனி வேலைக்கும் அந்தப் பட்டைத் தோலுக்கு ஈடில்லை என்று அவரே பிறகு சொன்னார். எங்கள் வேலைக்கு நீல ஓரம்தான்.

பூட்ஸின் முன்பக்கம் மாட்டின் முதுகுத் தோலாக இருக்க வேண்டும் என்பார். கட்டை விரலால் அழுத்தினால் பொடிப் பொடியாகச் சுருக்கம் விழுந்து, விரலை எடுத்ததும் மறைய வேண்டும். பெரிய மடிப்பாக விழுந்தால் அது வயிற்றுத் தோல், நாளைக்குத் தொங்கிவிடும். அடிக்கு லாரி டயர், அதுவும் உள்ளே கம்பி ஓடாத டயர். ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் மெழுகு தேய்த்த நூல் போக வேண்டும், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். கயிறு கட்டுகிற பூட்ஸ் ஆகாது. பக்கத்தில் ஒரே வார், ஒரே இழுப்பில் கழல வேண்டும். உள்ளே சூட்டு ஜல்லி விழுந்தால் உட்கார்ந்து முடிச்சு அவிழ்க்க முடியுமா?

இரும்பு ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரோட்டுச் சூட்டை ஆணி அப்படியே குதிகாலுக்கு ஏற்றிவிடும். அதனால் குதிகாலில் மூங்கில் ஆணி அடிக்கச் சொல்வார். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கும். தைத்து வந்த ஒவ்வொரு பூட்ஸின் மேலும் அதை ஓட்டிப் பார்ப்பார். காதர் பாய்க்கு முகம் சுருங்கிப்போகும்.

"இத்தினி வருசமாவுது, இன்னும் நம்மள நம்பலியா மேஸ்திரி?"

"உன்ன நம்பறேன் பாய். ஆணியத்தான் நம்பல."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்காலுக்கு மேல் பூட்ஸ் போட்டு பஸ் ஏறினோம். தேவிகாபுரம் பஸ்ஸில் ஒரு கிழவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போலீஸில் சேர்ந்துவிட்டாயா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். என் மாமியார் தோலை வாசற்படி தாண்ட விடவில்லை, வெளியே வேப்ப மரத்தில்தான் தொங்கும். அந்தப் பூட்ஸ் மாமியார் ஆயுசுக்குப் பிறகும் உழைத்தது.

இவ்வளவு கறாரான மேஸ்திரி, என் வீட்டுக்காரர் பூட்ஸ் விஷயத்தில் மட்டும் வேறு மாதிரி சொன்னார். அடி எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்றுதானே நாம் நினைப்போம். அவருக்கு மட்டும் இடது பூட்ஸில் ஒரு அடுக்கு குறைவாகத் தைக்கச் சொன்னார்.

காரணம் இது. கலவை ரொம்பச் சூடாக இருக்கும்போது ரோலர் ஏறினால், உருளைக்கு முன்னால் அலை அலையாகத் தள்ளிக்கொண்டு போகும். ஆறிவிட்டாலோ இறுகாது, அடுத்த மழையில் பெயர்ந்துவிடும். நடுவில் கொஞ்ச நேரம்தான் சரியான சூடு. எங்கள் கேங்கில் அதைச் சொன்னது என் வீட்டுக்காரரின் இடது கால். பரப்பின கலவை மேல் அந்தக் காலை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். ஆட்கள் எல்லோரும் சும்மா நிற்போம். பூட்ஸ் அடி வழியாகச் சூடு ஏறி உள்ளங்காலைத் தொடுகிற நேரம் அவருக்குத் தெரியும். கையைத் தூக்குவார். ரோலர் ஏறும். கறுப்புப் பட்டு விரித்த மாதிரி ரோடு படியும். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நின்றுதான் வரும். கூடப் படுத்து எழுந்த மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவர் யாரோ.

ஏழுமலை மேஸ்திரி ஓய்ந்தபோது வேலையை என்னிடம் கொடுத்தார். புருஷன் இருக்கப் பெண்டாட்டிக்கா என்று கேங்கில் முணுமுணுத்தார்கள். மேஸ்திரி என் வீட்டுக்காரரைக் காட்டி, "அவன் காலு ரோட்டுக்கு வேணும்" என்றார். என்னைக் காட்டி, "வாயி இதுக்குக் கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் வீட்டுக்காரர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். மேஸ்திரி காந்தத் துண்டையும் என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குச் சில வருஷம் கழித்து, வெயில் காலத்தில், தேவிகாபுரம் ரோட்டில் வேலை. முதல் லோடு கொட்டிப் பரப்பினதும் என் வீட்டுக்காரர் காலை வைத்தார். வைத்த கொஞ்ச நேரத்திலேயே கையைத் தூக்கி, ஆறிப்போய்விட்டது, ஜல்தியாக ஏற்று என்றார். ரோலர் ஏறியது. கலவை மடிப்பு மடிப்பாகத் தள்ளிக்கொண்டு போனது. வாரிப்போட்டு மறுபடி பரப்பினோம். இரண்டாவது லோடும் அப்படியே. டிப்பர் டிரைவர் வழியில் எங்கேயோ வண்டியை நிறுத்தி டீ குடித்து லோடை ஆறவிட்டுக் கொண்டு வருகிறான் என்று இவர் சண்டைக்குப் போனார். கேங்கே இவர் பின்னால் நின்றது. டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டு, எங்கேயும் நிற்கவில்லை என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. கலவை போடுகிற இடத்துக்குப் போன் செய்து, சூட்டை ஏற்றி அனுப்பச் சொன்னோம்.

வேறு யாராக இருந்தாலும் குனிந்து கையை நீட்டியாவது பார்த்திருப்பார்கள். எங்களுக்கு அந்தக் கால் சொன்னதுதான் சூடு. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றாது.

மூன்றாவது லோடு நீலப் புகையோடு வந்தது. கொட்டினார்கள். இவர் ரேக்கை இழுத்துக்கொண்டே உள்ளே போய் நின்றார். இதுவும் ஆறினதுதான் என்றார். நான் இரண்டு எட்டு பின்னால் நிற்கிறேன். என்னால் நிற்க முடியவில்லை. என் பூட்ஸின் அடி அவருடையதைவிடத் தடிமன். அந்தத் தடிமனையும் தாண்டிச் சூடு என் உள்ளங்காலைக் கடிக்கிறது, அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆறின கலவை அலை தள்ளாது என்பது அப்போதுதான் என் புத்திக்கு வந்தது. காலையிலிருந்து கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். லோடு ஆறவில்லை.

ரோலரை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஓரத்துப் புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். "இன்னாமே இது, ஆளுங்க எதிர்ல" என்று கையை உதறினார். நான் வாரை இழுத்தேன். பூட்ஸ் கழன்றது. உள்ளேயிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தார் ஜல்லி விழுந்தது. கட்டை விரலுக்குக் கீழே தோல் வெள்ளையாக வெந்து, உடைந்து, துணியோடு ஒட்டியிருந்தது.

அவர் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "இன்னா ஆச்சி? ஏன் அப்பிடிப் பாக்கறே?" என்றார்.

கல் எப்போது விழுந்தது என்று கேட்டேன். எந்தக் கல் என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தாள். "கண்ணை மூடிக்குங்கய்யா. கால்ல தொடும்போதெல்லாம் சொல்லுங்க" என்றாள்.

இவர் கண்ணை மூடினார். "ஆங்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆங்" என்றார். "இப்போ கட்டை விரல்ல" என்றார். டாக்டரம்மாவின் கை அவள் மடியில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் நிஜமாகவே இரண்டு காலிலும் இடம் இடமாகத் தொட்டாள், இவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனை மாதமாக இந்த மனிதர் இப்படி ஊகத்திலேயே கையைத் தூக்கிக்கொண்டிருந்தாரோ.

சர்க்கரை. ரத்தத்தில் ஏறி உட்கார்ந்து நரம்பைத் தின்றிருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. டாக்டரம்மா மறைக்காமல் சொன்னாள். போன உணர்ச்சி திரும்பி வருமென்று சொல்ல முடியாது. புண் ஆறவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டி வரும், அசட்டையாக இருந்தால் காலையே எடுக்க வேண்டி வரும். ஆறிவிட்டாலும் இனி கலவைக்குள் கால் வைக்கவே கூடாது. வெளியே நின்று செய்கிற வேலை என்றால் அதற்கேற்ற பூட்ஸ் வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வலிதாம்மா காலுக்குக் காவல். இவருக்கு அது போயிடுச்சு. இனிமே உங்க கண்ணுதான் காவல். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, விரல் இடுக்கு விடாம பாருங்க."

வீட்டுக்கு வந்து இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். கூட வேலை செய்தவர்கள் பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி இருந்தார். ஒருநாள் திரும்பாமலே என்னிடம் கேட்டார், "ரோலரு ஏத்தறதுக்கு இப்ப யாரு கை தூக்கறா?" யாரும் இல்லை, வாடகைக்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் நிற்கிறார் என்றேன்.

புண் ஆறினது. மெதுவாக, ஆனால் முழுசாக ஆறினது. டாக்டரம்மா தலையசைத்த பிறகு காதர் பாயைக் கூப்பிட்டேன். அவர் வீட்டுக்கே வந்து அளவெடுத்து, தன் திறமையெல்லாம் காட்டி ஒரு ஜோடி தைத்துக்கொண்டு வந்தார். உள்ளே மெத்தென்ற தோல், விரல் பக்கம் தையலே இல்லை. இவரைப் போட்டு நடக்கவிட்டு, எங்கே கடிக்கிறது சொல் என்றார்.

"எங்கயும் கடிக்கல பாய். சூப்பரா கீது."

பாய் மீசையை நீவிக்கொண்டார். நான், "பாய், இவருக்குக் கடிச்சாலும் தெரியாது" என்றேன்.

அந்த மனிதர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மெதுவாக உட்கார்ந்தார். "நம்ம தொழிலே போட்டவன் வாயை நம்பித்தாம்மா ஓடுது" என்றார். "இங்க இடிக்குது, அங்க உரசுதுன்னு அவன் சொல்லுவான், நான் செதுக்குவேன். சொல்லாத காலுக்கு நான் இன்னா செய்யறது?" பூட்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெருமை பேசாமல் அவர் போனதை அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரே ஓடி வந்தார். சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் அறுந்த செருப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டுக்குப் போடுகிற நீலச் சாயத் தூள் உள்ளே விழுந்து, வியர்வையில் ஊறியிருந்தது. கால் எங்கே அழுத்தியதோ அங்கே கருநீலம், லேசாகப் பட்ட இடத்தில் வெளிர் நீலம், படாத இடம் வெறும் தோல். பாய் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அதே மாதிரி இவர் பூட்ஸுக்குள் சாயத்தூளைத் தூவி நடக்கவிட்டுப் பார்க்கலாமா என்று நான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். புண் இல்லாத காலில் கொஞ்ச நேரம் பரவாயில்லை, நேராகப் பட வேண்டாம், தடிமனான துணி உறை போட்டுக்கொள்ளட்டும், கழற்றினதும் கழுவித் துடைத்துவிடுங்கள் என்றாள். எடுத்ததும் அந்த உறையைத் தனக்கும் காட்ட வேண்டும் என்றாள்.

பூட்ஸின் உள்ளே சாயத்தூளைத் தூவினார் பாய். இவர் வெள்ளைத் துணி உறை போட்டு, அதன்மேல் பூட்ஸ் போட்டுத் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். தெருவில் பாவு விரித்து நூலைச் சரி செய்துகொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு, பூட்ஸுக்கு வெள்ளோட்டமா என்று கேட்டார்கள். வியர்த்ததும் உட்கார வைத்துக் கழற்றினோம். உறையை உருவி, பாய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அதில் அவர் கால் முழுசாக இருந்தது. குதிகால் வானத்து நீலம். நடுப்பாதம் வெளுப்பு. கட்டை விரலுக்குக் கீழே, அந்தப் பழைய புண்ணின் இடத்தில், நாவல்பழம் நசுங்கின மாதிரிக் கருநீலம். சுண்டு விரல் ஓரத்தில் இன்னொரு கருநீலக் கோடு. "எங்கயும் கடிக்கல" என்று அவர் சொன்ன பூட்ஸ் கடித்த இடமெல்லாம் எங்கள் எதிரே நின்றது. நான் அந்தத் துணியை இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் வாய் சொல்ல முடியாததை அவர் கால் சொல்லியிருந்தது. ஏன் என்று தெரியவில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. சாயம் ஒட்டிக்கொள்ளும் என்று இவரே தடுத்தார்.

பாய், தான் தைத்த அடியைத் தானே பிரித்தார். கருநீலம் விழுந்த இடத்துக்கு நேராக உள் அடியைச் செதுக்கிக் குழி செய்து, மெல்லிய தக்கையை வைத்து, மேலே மெத்தென்ற தோலை மூடினார். சுண்டு விரல் பக்கம் தோலை நனைத்து அச்சில் ஏற்றி அகட்டினார். மறுபடி தூள், மறுபடி நடை, மறுபடி பிரிப்பு. ஒவ்வொரு தடவையும் கருநீலம் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் உறை முழுக்க ஒரே மாதிரி வெளிர் நீலமாக வந்தபோது பாய் அதைத் தரையில் விரித்து வைத்துவிட்டு, தலைக் குல்லாவைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மாவிடம் கொண்டு போய்க் காட்டினேன். மேஜை மேல் விரித்து, நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினாள். பாயின் கடை எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

இன்னொரு காரியமும் செய்தேன். என் இடது பூட்ஸைக் கொடுத்து, அடியில் ஒரு அடுக்கை எடுத்துவிடச் சொன்னேன். பாய் என்னை முறைத்தார். "ஒருத்தருக்கு இப்பத்தான் காலைக் காப்பாத்திக் குடுத்தோம். உனக்கு இன்னா கேடு?" என்றார். எதற்கு என்று சொன்னேன். பிறகு பிரித்தார்.

இவர் வேலைக்குத் திரும்பின நாள் சேத்துப்பட்டு ரோடு. ரேக்குக்கு நீளமான கழி போட்டிருந்தோம். டாக்டரம்மா சொன்னபடி பழைய ரோட்டின் ஓரத்தில், கலவைக்கு வெளியே நின்று இழுத்தார். கை பழசை மறக்கவில்லை, கலவை அவர் சொன்னபடி படிந்தது. இழுத்து முடிந்ததும், பழக்கதோஷம், இடது காலைத் தூக்கினார். அந்தரத்தில் நிறுத்தினார். மெதுவாகப் பின்னால் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கேங்கே என்னைப் பார்த்தது.

நான் போய்க் காலை வைத்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண்ணை மூடினேன். அப்போது கீழேயிருந்து ஒன்று புறப்பட்டது. அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை முந்தானையால் பிடித்து இறக்கும்போது துணி வழியாகக் கைக்கு வருமே, அது மாதிரி, ஆனால் அதைவிடப் பொறுமையாக, ஒவ்வொரு அடுக்காகக் கேட்டுக் கேட்டு மேலே ஏறியது. அது உள்ளங்காலைத் தொட்டது. இத்தனை வருஷம் இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு எங்கே போய் வந்தார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பூமிக்குள் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. கையைத் தூக்கினேன்.

ரோலர் ஏறியது. ஒரு மடிப்பு விழவில்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டின் மினுமினுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "கொஞ்சம் லேட்டு" என்றார்.

அன்றிலிருந்து நான் வேலையை விடும்வரை அப்படித்தான் போட்டோம். ரேக்கு அவருடையது, சூடு என்னுடையது. ஒரு நாள்கூட நான் சரியான நேரத்தில் கை தூக்கினேன் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை.

சுமதிக்கு நான் சொல்கிறது: சாயங்காலம் போ, தோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார், ஆணி இருக்கிறதா பார், ஒரே இழுப்பில் கழல்கிறதா பார். அதற்கு முன்னால் உன் ஆட்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார். நன்றாக இருக்கிறது என்று எவனாவது ரொம்பச் சீக்கிரம் சொன்னால் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

நான் கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் எழுத்து எனக்கு வராது. சொன்னதையெல்லாம் என் பேத்தி எழுதியிருக்கிறாள். அவளுடைய தாத்தா எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். காலில் பத்து விரலும் இருக்கிறது. இத்தனை நேரம் பேசாமல் கேட்டுவிட்டு, இப்போது, அன்றைக்குத் தேவிகாபுரம் ரோட்டுக்கு முதல் லோடு ஆறிப்போய்த்தான் வந்தது, அதை எழுதச் சொல் என்கிறார். எழுதிக்கொள்ளட்டும். சாயங்காலம் ஆகிவிட்டது. வெந்நீரும் துண்டும் கொண்டுவந்து அவர் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

"நீ முதல்லேர்ந்து படிம்மா, தாத்தாவுக்குக் கேக்கற மாதிரி. நான் இவரு காலைப் பாத்துகினே கேக்கறேன்."